பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22: ஒரு தமிழ்த் தட்டச்சரின் மதிப்பீடு

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும் என்பதால், 2016இல் நான் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ3 மடிக்கணினிக்கு அந்த வழி இல்லை. விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயாமல் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கருவியைப் பழைய சாமான் கடையில் போட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவி, மூன்று மாதமாக என் மெய்ப்புத் திருத்தும் வேலையையும் தட்டச்சு வேலையையும் அதிலேயே செய்து வருகிறேன்.

லினக்ஸ் எனக்கு முற்றிலும் புதிதன்று. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகடுகளைக் கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பிய காலத்தில் ஒன்றை வரவழைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று என் இணைய மோடத்துக்கு லினக்ஸ் இயக்கி கிடைக்காததால், இரண்டே வாரத்தில் கைவிட்டேன். இம்முறை நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகிய மூன்றையும் சோதித்துக்கொண்டேன். வன்தட்டில் எதையும் மாற்றாமல் இப்படி முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்க முடிவது பெரிய வசதி. மூன்றும் வேலை செய்தன.

உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும் என்றாலும் 4 ஜிபி இருப்பது நல்லது என்கிறார்கள்; என்னிடம் இருப்பதும் 4 ஜிபிதான். உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களை ஒருசேரத் திறந்தால் கணினி திணறத்தான் செய்கிறது. எழுதுவதற்கும் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை. இடது கீழ் மூலையில் பட்டியல், கீழே பட்டை, வலப்புறம் கடிகாரம் என்று மின்டின் சின்னமன் என்ற முகப்பு அமைந்திருப்பதால், விண்டோஸில் பழகிய என் தாயார்கூட யாரையும் கேட்காமல் தம் புகைப்படங்களைத் திறந்து பார்த்துவிட்டார்.

என்னைப் போன்றவர்களுக்கு முதன்மையான கேள்வி தமிழ்த் தட்டச்சுதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. விசைப்பலகை அமைப்பில் தமிழைத் தேடினால் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒன்று கண்ணில் படும். அதைச் சேர்த்தால் எழுத்துகள் வரும், ஆனால் புள்ளி தானாக விழாது. தமிழ்99 விசைப்பலகை முறையின் அழகே புள்ளி தானாக விழுவதில்தான் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகளில் ‘அம்மா’ வந்துவிட வேண்டும். அதற்கு மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடி நிறுவி, கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியின் அமைப்பில் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். அதே பட்டியலில் ஒலியியல் முறை, தட்டச்சுப்பொறி முறை, இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் முறை ஆகியவையும் இருக்கின்றன. ஒருமுறை அமைத்துவிட்டால் உலாவி, லிப்ரே ஆபிஸ், கோப்பின் பெயர் என எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தட்டச்சு செய்யலாம். தனியாக ஒரு தட்டச்சுச் செயலியை நாள்தோறும் திறந்து வைத்துப் பழகிய எனக்கு இது பெரிய நிம்மதி. மின்ட் நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டால், எத்தனையோ பேர் முதல் நாளிலேயே மனம் தளராமல் இருப்பார்கள். இடைமுகத்தையும் தமிழுக்கு மாற்றலாம், ஆயினும் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாததால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரிகிறது.

டேலி, போட்டோஷாப், இன்டிசைன் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கணக்கு எழுதும் கடைகளும் பக்க வடிவமைப்பாளர்களும் இதைக் கருத்தில் கொள்ளாமல் மாறக் கூடாது. என் தம்பியின் கடைக் கணினியில் நான் கைவைக்கவில்லை. டைம்ஷிப்ட் என்ற கருவி இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பித் தரும்; இயல்பு அமைப்பில் அது நம் சொந்தக் கோப்புகளைக் காப்பதில்லை என்பதால், அவற்றுக்குத் தனிப் படி எடுத்து வைப்பது கட்டாயம்.

கடைசியாக, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து என்னிடம் இருந்த ஆவணங்கள். முதலில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரிந்தன. பாமினி எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவியவுடன் தமிழ் தெளிவாக வந்துவிட்டது. ஆனாலும் இப்போதைய தமிழ்த் தட்டச்சில் அவற்றில் ஒரு சொல்லைத் தேட வழியில்லாததால், ஒவ்வொன்றாக எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துச் சேமித்து வருகிறேன். அப்பாவின் கடிதங்களை முடித்துவிட்டேன். ஊர்க் கோயில் மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரைகள் இன்னும் மீதம் இருக்கின்றன.