லாச்சியா, தோள்பையா, ஸ்கூட்டி சீற்றா? கந்தோரில் அகப்படும் இரவுக்கு எது உதவும்

அது ஒரு கார்த்திகை மாதத்து மழை. கந்தோர் யாழ்ப்பாண நகரில், இரண்டாம் மாடி. வீடு வடமராட்சிப் பக்கம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்து மணிக்கும் விடவில்லை. ‘கொஞ்சம் குறையட்டும்’ என்று நின்றவர்கள் மூன்று பேர்: நான், கணக்குப் பகுதி அக்கா, வோச்சர் ஐயா. ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. கீழே இறங்கிப் பார்த்தால் என்னுடைய ஸ்கூட்டியின் பாதி ரயர் தண்ணீருக்குள். அக்காவுக்கு வேலணைக்குப் போக வேண்டும். பண்ணைப் பாலத்தில் அந்தக் காற்றில் ஆர் போவது?

என்னிடம் இருந்தது அரைப் பைக்கற் லெமன் பஃப். அதை வீரமாக மேசையில் வைத்தேன். அக்கா தன் மேசை லாச்சியைத் திறந்து, பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். துவாய், நைற்றி, றப்பர் செருப்பு, நுளம்புக் கிறீம், ஒரு சின்ன ரோர்ச். “தம்பி, உந்த பிஸ்கட்டைப் பிறகு பாப்பம். முதல்ல ஈரத்தை மாத்தும்.”

மாற்ற என்னிடம் என்ன இருந்தது? விடியும்வரை ஈரக் காற்சட்டையோடு இருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு இரண்டு மாரி இதே வேலையாகத் திரிந்து, எதை எங்கே வைப்பது, எது உதவும், எது சுமை என்று பார்த்ததைத்தான் இங்கே அலசுகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: நம்மவர்கள் சாப்பாட்டைச் சுற்றியே பொதி கட்டுகிறார்கள். ஒரு இரவுப் பசியை உடம்பு தாங்கும். ஈரத்தையும் நுளம்பையும்தான் தாங்காது.

யாழ்ப்பாணத்துக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் 2008 நவம்பரை மறந்தவர்கள். நிஷா புயலின்போது இங்கே ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைப்பதே சராசரியாக 1,200, 1,300 மில்லிமீற்றர்தான். பிறகு 2020 டிசம்பரில் புரெவி. மழை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. 2020 மார்ச் 20 அன்று பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது வேலையிடங்களில் நின்றவர்கள் பட்ட அந்தரம் தெரியும்தானே. 2022இல் பெற்றோல் இல்லாமல் கந்தோரிலேயே படுத்தவர்களும் உண்டு.

சரி, முதல் கேள்வி: எங்கே வைப்பது?

தோள்பை எப்போதும் கூடவே வரும், அதுதான் அதன் பலம். கந்தோரில் அகப்பட்டாலும் பஸ்ஸில் அகப்பட்டாலும் கையில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் சுமப்பது என்று வந்துவிட்டால் மனம் களவு செய்யத் தொடங்கிவிடும். முதல் கிழமை துவாய் இருக்கும். அடுத்த கிழமை ‘இன்றைக்கு வெயில்தானே’ என்று அதை எடுத்து வைப்போம். ஒரு மாதத்தில் பையில் மிஞ்சுவது குடையும் சாப்பாட்டுப் பெட்டியும்தான். என் அனுபவத்தில் தோள்பை தாங்குவது ஐந்தே பொருள்: மருந்து, சார்ஜர் வயர், சின்ன ரோர்ச், கொஞ்சம் சில்லறைத் தாள்கள், அடையாள அட்டைப் பிரதி.

ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே உள்ள பெட்டியைப் பலர் புகழ்வார்கள். நானும் ஒரு மாரி முழுக்க அங்கேதான் வைத்தேன். வழியில் நின்றுபோனால் அதைவிட நல்ல இடம் கிடையாது, மழைக்கோட்டுக்கு அதுதான் வீடு. ஆனால் வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டியின் சீற்றைத் திறந்தால் அடுப்புக்குள் கை விட்டது போல இருக்கும். குளிசை கெடும், பிஸ்கட் எண்ணெய் நாறும். பவர் பாங்கை அங்கே வைப்பது ஆபத்தே, லித்தியம் பற்றறிக்கு வெக்கை ஆகாது. எல்லாவற்றையும் விட மோசமானது, வெள்ளம் வரும் நாளில் நீங்கள் மேலே இரண்டாம் மாடியில், பொதி கீழே தண்ணீருக்குள். அதோடு அந்த வழி எனக்கு முடிந்தது.

கந்தோருக்கே ஒரு பொதுப் பெட்டி என்ற யோசனை கேட்க நல்லாயிருக்கும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி ஒன்று சுவரில் தொங்கியது. ஒருநாள் விரல் வெட்டுப்பட்டுத் திறந்தேன். பிளாஸ்டர் சுற்றியிருந்த கடதாசியும் காய்ந்துபோன அயடின் போத்தலும் கிடந்தன. பொதுவில் வைப்பதற்கு ஏற்ற சாமான்கள் சில உண்டு: பெரிய தண்ணீர்ப் போத்தல், எமேர்ஜன்சி லைற், கேத்தல், வாளி. தன்னுடையது என்று ஒருவர் கவனித்தால்தான் நிலைக்கும் துவாய், மருந்து, தீன் எதையும் பொதுவில் விடாதீர்கள்.

ஆகவே லாச்சிதான். மேசையின் கடைசி லாச்சி, அல்லது அலுமாரியின் மேல் தட்டு. கீழ்மாடிக் கந்தோர் என்றால் கட்டாயம் மேல் தட்டு.

இணையத்தில் ஆயத்தமாக விற்கும் பொதிகளையும் சொல்லிவிட வேண்டும். சிவப்புப் பை, உள்ளே விசில், திசைகாட்டி, மினுங்கும் அலுமினியப் போர்வை. யாழ்ப்பாணத்தில் திசைகாட்டி எதற்கு? எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடல்தான். அந்தப் போர்வை பனி பெய்யும் நாட்டுக்காரருக்கு உயிர் காக்கும். நம்முடைய மார்கழி இரவில் அதைப் போர்த்தினால் வியர்த்துக் கொட்டும், புரண்டால் சரசரவென்று பக்கத்தில் படுத்தவரும் எழும்பிவிடுவார். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல சாரம் வாங்கலாம்.

சாரம் என்றதும் நிற்கிறேன், ஏனென்றால் இந்தப் போட்டியில் அதற்கு நிகர் கிடையாது. பெட்சீற் போர்க்க மட்டும் உதவும். துவாய் துடைக்க மட்டும். சாரம் உடுக்கலாம், துடைக்கலாம், போர்க்கலாம், சுருட்டித் தலைக்கு வைக்கலாம், மறைப்பே இல்லாத இடத்தில் அதற்குள் நின்றே உடுப்பு மாற்றலாம். ஆண்களுக்குச் சாரமும் ரீசேட்டும். பெண்களுக்கு அக்காவின் பட்டியல்: நைற்றி, உள்ளுடுப்பு ஒரு சோடி, சனிற்றரி நப்கின். “நைற்றிக்கு மேல போட ஒரு பெரிய சால்வையும் வையும் எண்டு எழுதும் தம்பி, கந்தோரில ஆம்பிளையளும் நிப்பினம்தானே” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

காலுக்கு றப்பர் செருப்பு. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் இருந்து அந்தக் கிருமி காலில் உள்ள கீறல், வெடிப்பு வழியே உள்ளே போகும். சப்பாத்து நனைந்துவிட்டதென்று வெறுங்காலோடு வளவுக்குள் இறங்குவதுதான் பிழை. செருப்பு முழுப் பாதுகாப்புத் தராது, வெறுங்காலை விட நல்லது, அவ்வளவுதான். காலில் புண் உள்ளவர் இறங்காமல் இருப்பதே புத்தி.

எங்கே படுப்பது? வெறும் சீமெந்துத் தரை மாரியில் குளிர்ந்து கசியும். மழைக்கு மட்டத்தேளும் உள்ளே வரும். தரையா மேசையா என்றால் மேசைதான், அகலம் போதுமென்றால். மேசை இல்லையென்றால் காட்போட் பெட்டியைப் பிரித்து இரண்டு மடிப்பாக விரியுங்கள், பாயை விடச் சூடு. எந்தக் கந்தோரிலும் போட்டோக்கொப்பிக் கடதாசி வந்த பெட்டிகள் கிடக்கும். காற்று ஊதும் தலையணை ஒன்று வாங்கினேன், இரண்டாம் தடவையே காற்றுப் போனது.

நுளம்புக்கு வருவோம். மாரி என்றால் டெங்கும் வரும் காலம். இதில் நான்கு போட்டியாளர்கள். கரண்டில் செருகும் திரவம் கரண்ட் போனதும் செத்தது. நுளம்புத்திரி மலிவு, ஆனால் சாரலுக்குப் பயந்து யன்னல் எல்லாம் பூட்டிய அறையில் கொளுத்தினால் நுளம்புக்கு முன்னர் நாம் மயங்குவோம், பக்கத்தில் கோப்புகள் வேறு. வலை கட்ட இடமில்லை. மிஞ்சுவது பூசும் கிறீம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், அதற்கு எழும்பச் சோம்பலாக இருக்கும், இருந்தாலும் அதுதான் வெல்கிறது.

வெளிச்சத்துக்குப் பெரும்பாலானோர் போனையே நம்புகிறார்கள். போனில் லைற் எரிய எரிய, வீட்டுக்குச் சொல்ல வேண்டிய சார்ஜ் இறங்கும். மெழுகுதிரி கடதாசி நிறைந்த கந்தோரில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் பண்ணும் எமேர்ஜன்சி லைற் நல்லதுதான், மாதக்கணக்கில் மறந்துவிட்டால் தேவையான இரவில் கண் திறக்காது. சாதாரண பற்றறி போடும் சின்ன எல்ஈடி ரோர்ச்தான் என் தெரிவு. பற்றறியை உள்ளே போட்டு வைக்காமல் பக்கத்தில் வையுங்கள், உள்ளே கிடந்து கசிந்தால் ரோர்ச்சே போய்விடும். பவர் பாங்க் வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 10,000 என்று எழுதியிருந்தாலும் மின்னழுத்தம் மாறும்போது ஒரு பங்கு வீணாகி, கைக்கு வருவது ஆறாயிரம் சொச்சம்தான். 5,000 பற்றறி உள்ள போனுக்கு ஒரு முழுச் சார்ஜ், கொஞ்சம் மிச்சம். ஒரு இரவுக்கு அது காணும்.

இதை எழுதும்போது தொண்ணூறுகள் ஞாபகம் வருகின்றன. மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில், ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் பஞ்சும் வைத்து விளக்கு எரித்துப் படித்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர். அம்மாமார் பிறப்புப் பத்திரத்தையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பொதி கட்ட யாரும் பாடம் எடுக்கவில்லை. அவர்களின் பிள்ளைகள்தான் அரைப் பைக்கற் லெமன் பஃப்போடு நிற்கிறோம்.

தீன் விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வழக்கு. அவர் கிறீம் கிராக்கர் கட்சி. எங்கும் கிடைக்கும், வயிற்றைக் கெடுக்காது என்பார். அது வாயை வறட்டும், தண்ணீரைக் கேட்கும், ரின்னில் போடாவிட்டால் எலியும் எறும்பும் முதலில் சாப்பிடும் என்பது என் கட்சி. நூடில்ஸுக்குக் கொதிநீர் வேண்டும், கரண்ட் இல்லாக் கேத்தல் வெறும் பாத்திரம். ரின் மீன் சத்துத்தான், ஆனால் பூட்டிய அறையில் அந்த மணம் மறுநாளும் இருக்கும், கார்த்திகையில் விரதக்காரரும் இருப்பார்கள். சமபோஷா சத்துமாவுக்குச் சுத்தமான தண்ணீரும் சீனியும் போதும், குழைத்து உருட்டினால் ஒரு நேரச் சாப்பாடு. பனங்கட்டி நல்ல யோசனை போலத் தெரியும், மாரி ஈரத்தில் குட்டானோடு கசிந்து லாச்சி முழுக்க ஒட்டும். பட்டவன் சொல்கிறேன்.

என் வெற்றியாளர் புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. மாதக்கணக்கில் இருக்கும், நெருப்பும் வேண்டாம், ஒரு துண்டைச் சப்பவே அரை மணித்தியாலம் போவதால் பொழுதும் போகும். குறை ஒன்றுதான்: பல் வேண்டும். வோச்சர் ஐயாவுக்கு நீட்டினேன், சிரித்துவிட்டுக் கிறீம் கிராக்கரை எடுத்தார். அந்த ஒரு வாக்கில் அக்கா வென்றுவிட்டதாகச் சொல்லித் திரிகிறார். வறுத்த கச்சான் இரண்டு கட்சிக்கும் பொது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், மூடி உடைக்காத போத்தலில். கரண்ட் போனால் மோட்டர் ஓடாது, மேல் தாங்கியில் உள்ளதுதான் மிச்சம். மழை பிடித்தவுடனேயே வாளியை நிரப்பி வையுங்கள், அது மலசலகூடத்துக்கு. கிணற்றுத் தண்ணீரை வெள்ள நாளில் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே நிற்கும் அழுக்கு கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது.

பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கானதைத் தோள்பையில் வைத்திருங்கள், கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்தால் நல்லது. இன்சுலின் போடுபவர்கள் அதை எப்படிக் கொண்டு திரிவது என்று கிளினிக்கிலேயே கேட்க வேண்டும். இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள்: அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990, மின்தடையை அறிவிக்க 1987. கூடவே வீட்டுக்காரரின் இலக்கம். போன் செத்தால் அது நமக்கு ஞாபகம் வராது.

தீவுகளில் வேலை செய்வோருக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஆசிரியருக்கோ தாதிக்கோ ஒரு இரவு என்பது ஆரம்பம்தான். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் அது இரண்டு நாளாகலாம், மூன்றாகலாம். அவர்களுக்கு லாச்சி போதாது, விடுதியிலோ தெரிந்த வீட்டிலோ ஒரு சூட்கேஸ் வேண்டும், மருந்து ஒரு கிழமைக்கு. அங்கே அரிசியும் பருப்பும் வைத்தால்தான் பொதி. புழுக்கொடியலை மட்டும் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டு நிற்க வேண்டாம்.

பொதியைப் புதுப்பிக்க நான் வைத்திருக்கும் நாள் தீபாவளிக்கு முதல் கிழமை. பழைய தீனை எல்லோருமாகச் சாப்பிட்டுத் தீர்த்து, சாரத்தைத் தோய்த்து, பவர் பாங்கை ஏற்றி வைப்பேன். பவர் பாங்குக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் வேண்டும். போன முறை எல்லாம் ஒழுங்காக அடுக்கி லாச்சியைப் பூட்டிவிட்டு, சாவியை வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் லாச்சியைத் திறந்து ஒரு கிறீம் கிராக்கரை நீட்டினார்.