54 வயதிலும் நிற்காத மாதவிடாய்: கர்ப்பப்பையை எடுப்பதா, ஹார்மோன் சாதனம் பொருத்துவதா?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடும் மாதவிடாய், எனக்கு 54 வயது முடியும் தறுவாயிலும் நிற்கவில்லை. சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் நான் சுழித்துவைத்த தேதிகள் ஒருமுறை 19 நாள் இடைவெளியிலும் அடுத்த முறை 47 நாள் இடைவெளியிலும் இருந்தன. கடைசியாக வந்த உதிரப்போக்கு 11 நாள் நீடித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. 12 இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 8.4க்கு இறங்கியிருந்தது. அப்போது என் முன் வைக்கப்பட்ட வழிகள் இரண்டு: கர்ப்பப்பையை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுவது, அல்லது மிரேனா போன்ற ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் பொருத்திக்கொள்வது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

செலவு, மருத்துவமனையில் தங்கும் நாட்கள், ஓய்வு ஆகியவற்றில் எது எளிது என்பதை விளக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ 6 வாரம் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது; சாதனத்தை வெளிநோயாளியாகவே சில நிமிடங்களில் பொருத்திவிடுகிறார்கள். ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது இந்த வசதி அன்று, சினைப்பைகளில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்.

மாதவிடாய் தாமதமாக நிற்கும் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் கூடுதல் ஆண்டுகள் சுரக்கிறது. அதனால் எலும்பு அடர்த்தி மெதுவாகவே குறைகிறது. எலும்பு முறிவும் இதய நோயும் இத்தகைய பெண்களுக்குக் குறைவாகவே காணப்படுகின்றன. அதே ஈஸ்ட்ரோஜன்தான் மார்பகம், கர்ப்பப்பை உட்சவ்வு, சினைப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, மாதவிடாய் நிற்பது தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் உயர்கிறது. இந்த வயதில் பல மாதங்களில் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. முட்டை வெளிப்படாத மாதத்தில், உட்சவ்வு தடிப்பதைக் கட்டுப்படுத்தும் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. தடுப்பாரின்றி ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்வதால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் கட்டுக்கடங்காமல் உதிர்கிறது.

புரொஜெஸ்டரோனைப் போலச் செயல்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை ஹார்மோன் 52 மில்லிகிராம் அடங்கிய அந்தச் சிறு டி வடிவச் சாதனம், தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் அளவில் மருந்தைக் கசியவிட்டு, தடித்த சவ்வை அந்த இடத்திலேயே மெலியச் செய்கிறது. சினைப்பைகள் தம் போக்கில் இயங்குகின்றன. எலும்புக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் ஈஸ்ட்ரோஜனும் தொடர்கிறது. மாறாக, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கர்ப்பப்பையோடு 'இருபுறச் சினைப்பைகளும்' என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, "இந்த வயதில் அவை இருந்து என்ன பயன்?" என்றார்கள். பயன் இருந்ததால்தானே எனக்கு இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருந்தது! அவற்றையும் எடுத்திருந்தால், ஆண்டுக்கணக்கில் படிப்படியாகக் குறையவேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் அறுபட்டிருக்கும். சினைப்பைகளை விட்டுவைத்து கர்ப்பப்பையை மட்டும் எடுக்கவும் முடியும். அதை நாமாகக் கேட்டால்தான் பேசுகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் பயாப்சி (உட்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்து, உட்சவ்வில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே இவ்வளவையும் எண்ணிப் பார்த்தேன். 45 வயதுக்கு மேல் இத்தகைய உதிரப்போக்கு உள்ளவர்கள் இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. அதில் சந்தேகமான திசுக்கள் தென்பட்டாலோ, கர்ப்பப்பையின் உள்வெளியையே கோணலாக்கும் அளவுக்கு நார்க்கட்டிகள் பெரிதாக இருந்தாலோ, அறுவை சிகிச்சையே சரியான வழி. என் நாத்தனார் கட்டிகளுக்காக அதைச் செய்துகொண்டு நலமாக இருக்கிறார். கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய அச்சம் அவருக்கு அடியோடு நீங்கிவிட்டது. அந்த நிம்மதியைச் சாதனம் எனக்குத் தராது.

சாதனம் பொருத்திய முதல் 4 மாதம் அவ்வப்போது பழுப்பு நிறத்தில் கசிவு இருந்தது. பொறுமை இழந்து எடுத்துவிடலாமா என்றும் நினைத்தேன். பிறகு அது நின்றது. 10 மாதத்தில் ஹீமோகுளோபின் 11.9ஐ எட்டியது. இப்போது 16 மாதம் ஆகிறது. அதற்கு அப்பால் என் அனுபவத்திலிருந்து எதுவும் சொல்ல இயலாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: சாதனமே உதிரப்போக்கை நிறுத்திவிடுவதால், என் மாதவிடாய் இயல்பாக நின்றுவிட்டதா என்பதை நாள்காட்டி காட்டாது, வியர்வைப் பெருக்கு, உடல் சூடு போன்ற அறிகுறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டே ஊகிக்க வேண்டும். மேலும், இச்சாதனத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடலாம் எனச் சில ஆய்வுகள் காட்டுவதாலும், தாமதமான மாதவிடாயே அவ்வாய்ப்பை ஏற்கெனவே கூட்டியிருப்பதாலும், 2 ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலாவதை எடுத்தாயிற்று, அடுத்ததற்கான மாதத்தை, அதே சிவப்பு மையால், நாள்காட்டியின் பின்னட்டையில் குறித்துவைத்திருக்கிறேன்.