மார்பகப் புற்றுநோய்: டிஎன்ஏ அளவா, 21 மரபணுச் சோதனையா?

கட்டியை எடுத்த பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: திரும்ப வருமா, கீமோ வேண்டுமா? செல்லின் மரபுப் பொருளை அளந்து பதில் சொல்ல இரண்டு வழிகள் உண்டு.

பழைய வழி, செல்லுக்குள் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. ஸ்வீடனில் கேஸ்பர்சன், அவுர் என்ற ஆய்வாளர்கள் 1980-ல் இதை மார்பகக் கட்டிகளில் செய்து காட்டினார்கள். ஃபியூல்ஜென் சாயம் டிஎன்ஏவின் அளவுக்கு ஏற்ப ஒட்டும். சாயத்தின் அடர்த்தியை அளந்தால் டிஎன்ஏவின் அளவு தெரிந்துவிடும். அளவு ஒழுங்காக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள், தாறுமாறாகச் சிதறியிருந்தவர்களுக்கு நோய் முற்றியது. 1983-ல் ஹெட்லி என்பவரின் ஆய்வுக் குழு பழைய பாரஃபின் பிளாக்கிலிருந்தும் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) இதை அளக்க வழி கண்டது. செலவும் குறைவு.

சிக்கல் நுணுக்கத்தில் இருந்தது. பிளாக்கைச் சீவும்போது உட்கருக்களும் வெட்டுப்பட்டு, அரைகுறைத் துண்டுகள் கணக்கில் கலந்துவிடும். கட்டிக்குள் நுழைந்த நல்ல செல்களும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரே கட்டிக்கு இரண்டு லேப் இரண்டு விதமாகச் சொல்ல இடமிருந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2007-ல் இதைப் பரிந்துரைக்க மறுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புதிய வழி, ஆங்கோடைப் டிஎக்ஸ் என்ற 21 மரபணுச் சோதனை. அது அளப்பது ஆர்என்ஏவை, அதாவது எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை. புற்றுநோய் சார்ந்தவை 16, ஒப்பிட்டுப் பார்க்க 5. மதிப்பெண் 0 முதல் 100 வரை; அது கூடக் கூட நோய் திரும்பும் ஆபத்தும் கூடும். இதன் பலம், கீமோவால் பயன் உண்டா என்பதையும் சொல்வதுதான். 2018-ல் வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இருந்தது ஹார்மோனால் வளரும் (ஹார்மோன் பாசிட்டிவ்), ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத (ஹெர்2 நெகட்டிவ்), நிணநீர் முடிச்சில் பரவாத கட்டி. மதிப்பெண் 11 முதல் 25 என்றால் பெரும்பாலோருக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையே போதும் என்று தெரிந்தது. ஆனால் 50 வயதுக்கு உட்பட்டு மதிப்பெண் 16 முதல் 25 வரை வந்தால் கீமோவால் கொஞ்சம் பலன் இருந்தது. இளம் வயதுப் பெண்கள் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெதர்லாந்தின் மம்மாபிரிண்ட் 70 மரபணுக்களைப் பார்த்து, ஆபத்து குறைவா அதிகமா என்று பிரித்துச் சொல்லும். மதில்மேல் பூனையாக நிற்க விரும்பாதவர்களுக்கு அது பிடிக்கும். எனக்கு மதிப்பெண் முறைதான் மேல். வயதையும் சேர்த்து டாக்டருடன் பேச அது இடம் தருகிறது.

விலைதான் உறுத்துகிறது. நம் ஊரில் ஆங்கோடைப் செய்ய லட்சக்கணக்கில் செலவாகும், பிளாக்கும் வெளிநாடு போக வேண்டும். அதனால் பணம் கட்டுமுன் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: வரும் மதிப்பெண்ணைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா? ட்ரிபிள் நெகட்டிவ் (ஹார்மோனும் ஹெர்2-வும் நெகட்டிவ்), ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகளுக்கு இது பொருந்தாது. அங்கே கீமோ முடிவை வேறு விவரங்களை வைத்து எடுக்கிறார்கள். முடிவு மாறாது என்றால் அந்தப் பணம் மருந்துக்கு ஆகட்டும்.