ஸ்டீல் ஊசி டம்ப்ளர்: பித்தளை பளபளக்கிறது, ஊசிதான் உயிரை எடுக்கிறது

சுட்டு முடித்த .223 ரைஃபிள் தோட்டாவின் காலி பித்தளைக் கூடுகளை, அதாவது கேஸ்களை, மறுபடி வெடிமருந்து அடைப்பதற்காகக் கழுவ, தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டு உருட்டுகிற டம்ப்ளர் மெஷின் வாங்கலாமா, விலை குறைந்திருக்கிறதே என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

மோட்டார், டிரம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பெல்ட் ஒருமுறை அறுந்தது, மாற்றினேன், ஓடுகிறது. தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் டிரம் கனத்து பெல்ட் வழுக்கும், அவ்வளவுதான்.

சுத்தம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. கேஸின் அடியில் குழிக்குள் இருக்கும், மருந்துக்குத் தீ மூட்டும் சின்ன மூடியான பழைய பிரைமரைத் தள்ளி எடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கால் டீஸ்பூன் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தண்ணீர் மை போலக் கறுத்து வெளியே வரும். பிரைமர் குழியின் மூலையில் கெட்டிப்பட்டிருக்கும் கரிகூட இருக்காது. வால்நட் ஓட்டுத் தூள் போட்டு அதிரவைக்கும் மெஷினை இரவு முழுக்க ஓட்டினாலும் அந்தக் குழி இப்படி வராது. தூசியும் இல்லை. பிரைமரில் இருந்த ஈயம் தூசியோடு மூச்சில் ஏறுமே என்பது உலர் முறையில் எனக்குத் தீராத உறுத்தல். இதில் அது தண்ணீரோடு நின்றுவிடுகிறது, கையுறை போட்டுக்கொண்டால் சரி. எலுமிச்சை உப்பை மட்டும் கூட்டிவிடக் கூடாது, துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும். அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கமே போகக் கூடாது, அது பித்தளையில் விரிசல் விடவைக்கும்.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் சுமார் 1.2 மி.மீ. தடிமன், 6 மி.மீ. சொச்சம் நீளம். பிரைமர் குழியிலிருந்து கேஸுக்குள் தீ போகும் தீத்துளை 2 மி.மீ. ஒரு ஊசி வந்தால் நழுவிப் போய்விடும், இரண்டு சேர்ந்து வந்தால் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி நிற்கும். உலுக்கினால் விழாது, காந்தத்துக்கும் வராது, மூக்குக் குறடு அந்தக் கழுத்துக்குள் நுழையாது. பிரைமர் குழிப் பக்கமிருந்து கம்பியால் குத்தித்தான் தள்ள வேண்டும். கழுத்து குறுகிய கேஸ் என்பதால் கழுத்துக்குக் கீழே கேஸ் அகலும் தோளின் வளைவிலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஈரம் வேறு பிடித்துவைக்கும். கவனிக்காமல் மருந்து போட்டு மூடிவிட்டால் சுடும்போது அந்த ஊசியும் குண்டுக்குப் பின்னால் குழலுக்குள் பாயும். அதனால் ஒவ்வொரு கேஸாக எடுத்து வாய்ப்பக்கம் டார்ச் அடித்து, தீத்துளையில் வட்டமாக முழு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பாதி வட்டம் தெரிந்தால் ஊசி இருக்கிறது. ஒரு கைப்பிடி அளவு கேஸ் என்றால் பரவாயில்லை, ஒரு வாளி கேஸுக்கு இதைச் செய்து பாருங்கள், மெஷின் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது என்று தெரியும்.

அப்புறம் காயவைப்பது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மருந்து கெட்டுப்போகும். வெளியே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இருக்காது. பழம் உலர்த்தும் மெஷினில் வைத்தால்தான் எனக்கு நிம்மதி. நிறைய நேரம் ஓடவிட்டால் கேஸ் வாய்கள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு மழுங்கிப்போவதும் உண்டு.

ஊசியே போடாமல் சோப்பும் எலுமிச்சை உப்பும் மட்டும் வைத்து ஓட்டினால் வெளிப்புறம் நன்றாகவே வருகிறது, குழியில் மட்டும் கரி மிஞ்சும். அந்தக் குழிக்காகத்தானே இதை வாங்கினேன்!

இவ்வளவு புகழ்ந்தாலும், நேற்று ஒரு வாளி கேஸுக்கு டார்ச் அடித்து முடித்த கையோடு சொல்கிறேன்: வாங்காதீங்க. அதிரும் மெஷினும் வால்நட் ஓட்டுத் தூளும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரைமரை எடுக்காமலே ஓட்டுங்கள், தூசிக்கு முகக்கவசம் போடுங்கள், தூளைத் திறந்த வெளியில் வைத்துச் சலியுங்கள். குழி கறுப்பாக இருந்தாலும் தோட்டா சுடும். என்னுடையதை விலைக்குக் கேட்டால் மட்டும் தர மாட்டேன்.