காணாமற்போன தண்டவாளங்களும் ஓப்பன் ரெயில்ஸும்: ஒரு மதிப்பீடு

ரயில் ஓட்டும் கணினி விளையாட்டான ரயில் சிமுலேட்டருக்கான பழைய பாதை ஒன்றை இறக்கி நிறுவியவுடன் அது குறையின்றி ஓடிவிட்டால் அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நிலையம் இருக்கும், சிக்னல் இருக்கும், வேலியோரப் புதர்கூட இருக்கும். தண்டவாளம் மட்டும் ஆங்காங்கே இருக்காது. சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட பாதையை முதன்முதலாகத் திறந்துவிட்டு, "அண்ணே, ரயிலு காத்துல ஓடுது" என்று தொலைபேசியில் சொன்னார். இந்தக் குறையைக் கண்டறிந்து தீர்ப்பதற்கு ஓப்பன் ரெயில்ஸ் என்னும் இலவச மென்பொருள் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். அதன் ஒலி, காட்சித் தரம், இயந்திரங்களின் நடத்தை ஆகியவற்றை இதில் எடுத்துக்கொள்ளவில்லை.

குஜு நிறுவனம் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 2001இல் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டருக்காக ஆர்வலர்கள் அமைத்த பாதைகளை இன்றைய கணினிகளில் ஓட்டுவதற்கென்றே தன்னார்வலர்கள் எழுதிய திறமூல மென்பொருள் இது. இதன் 1.0 பதிப்பு 2015இல் வந்தது. மூல விளையாட்டு கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாதைகளும் பெட்டிகளும் அடங்கிய கோப்புறை உரிய அமைப்பில் இருந்தால் போதும். அந்த அமைப்பில்தான் தண்டவாளத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. தண்டவாளத் துண்டுகள் ஒவ்வொரு பாதையின் கோப்புறைக்குள்ளும் தனித்தனியாக இருப்பதில்லை. எல்லாப் பாதைகளும் பகிர்ந்துகொள்ளும் குளோபல் என்ற கோப்புறையில், ஷேப்ஸ் என்ற உட்பிரிவில் துண்டுகளின் உருவங்களும், டிசெக்ஷன்.டாட் (tsection.dat) என்ற ஒரே கோப்பில் அவற்றின் நீளம், வளைவு, கிளை ஆகிய வரையறைகளும் இருக்கின்றன. பாதையை அமைத்தவரின் குளோபல் கோப்புறையில் இருந்த ஏதாவது நம்முடையதில் இல்லாவிட்டால் அங்கே ஓட்டை விழுகிறது.

இந்த ஓட்டையில் இரண்டு வகை உண்டு என்பதையும், இரண்டும் ஒன்றல்ல என்பதையும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உருவக் கோப்பு மட்டும் இல்லையென்றால் பார்வைக்குத்தான் குறை. ரயில் எவ்வழியாகச் செல்ல வேண்டும் என்பது பாதையின் தரவுத்தளக் கோப்பிலும் டிசெக்ஷன்.டாட் கோப்பிலும் இருப்பதால், நண்பர் சொன்னதுபோல் ரயில் வெறும் தரையின்மேல் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். வரையறையே இல்லையென்றால் நிலைமை வேறு. பாதை குறிப்பிடும் எண்ணுக்கு உரிய துண்டு எது என்று மென்பொருளுக்குத் தெரியாததால், அந்த இடத்தைத் தாண்டி வழி கணிக்கவே முடியாமற்போகும். முதல் வகையைக் கண்டு பதறுகிறவர்கள் இரண்டாம் வகையைக் கவனிக்காமல் விட்டுவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஓப்பன் ரெயில்ஸின் உண்மையான பலம், ஓடும்போது நேர்வதைக் குறித்துவைக்கும் அதன் பதிவுக் கோப்பில் (log) இருக்கிறது. அமைப்புகளில் பதிவை இயக்கிவிட்டுப் பாதையை ஒருமுறை திறந்து மூடினால் போதும், கணினியின் முகப்புத் திரையில் ஒரு எளிய உரைக் கோப்பு வந்து உட்கார்ந்துவிடும். அதில் எச்சரிக்கை என்று தொடங்கும் வரிகளைப் படித்தால், நிலப்பரப்பின் எந்தச் சதுரத்துக்கான கோப்பு, அதில் எத்தனையாவது எண்ணுள்ள பொருள், அது சுட்டும் எந்தக் கோப்பு இல்லை என்ற மூன்று விவரங்களும் ஒரே வரியில் கிடைக்கின்றன. ஒவ்வொரு சதுரமும் 2048 மீட்டர் பக்கம் கொண்டது என்பதால் தேட வேண்டிய பரப்பு உடனே சுருங்கிவிடுகிறது. கூடவே வரும் டிராக் வியூவர் கருவி தரவுத்தளத்திலிருந்து வரைவதால், உருவம் காணாமற்போன இடத்திலும் கோடு தெளிவாகத் தெரியும். எந்த நிலையத்துக்கு எந்தப் பக்கம் ஓட்டை என்பதை வரைபடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம். வரையறை இல்லாத துண்டுகளுக்கும் பதிவில் தனியே எச்சரிக்கை விழுகிறது. பாதையைத் திறக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் மென்பொருள்களோடு பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. ஒரே துண்டு நூறு இடங்களில் போடப்பட்டிருந்தால் நூறு வரிகள் வருகின்றன. தொலைந்தவை எவை என்ற தனிப்பட்டியல் கிடைப்பதில்லை. பதிவை எக்செல்லில் ஒட்டி, கோப்புப் பெயர்ப்படி வரிசைப்படுத்தி, திரும்ப வருபவற்றை நாமே நீக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமான குறை, இந்தத் துண்டு ஆர்வலர்கள் வெளியிட்ட எந்தத் தண்டவாளத் தொகுப்பைச் சேர்ந்தது என்று மென்பொருள் சொல்வதில்லை என்பதுதான். பெயரைப் படிக்கப் பழகினால் ஓரளவு பிடிபடும். ஏ1டி என்று தொடங்கி, நீளமோ ஆரமோ கோணமோ பின்தொடரும் பெயர்கள் ஒற்றைப் பாதைக்கான பொதுவகைத் துண்டுகள். மூல விளையாட்டில் இல்லாதவை பெரும்பாலும் எக்ஸ்டிராக்ஸ் தொகுப்பில் இருக்கும். எஸ்ஆர் என்று தொடங்கினால் ஸ்கேல்ரெயில், யுகேஎஃப்எஸ் என்று தொடங்கினால் பிரிட்டிஷ் பாணித் தொகுப்பு. இந்த அறிவை மென்பொருளே ஒரு குறிப்பாகத் தந்திருக்கலாம்.

தொகுப்பை நிறுவிய பிறகும் தொல்லை தொடர்கிறதென்றால், சந்தேகப்பட வேண்டியது டிசெக்ஷன்.டாட் கோப்பைத்தான். புதிய வெளியீடுகள் பழைய எண்களை மாற்றாமல் புதியவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டு வருவதால், கிடைப்பவற்றில் மிகப் புதியதை வைத்திருப்பதே வழக்கம். ஆனால் பழைய பாதைகளின் நிறுவிகள் தாம் கொண்டுவரும் பழைய கோப்பை இதன்மேல் எழுதிவிடுகின்றன. நேற்றுவரை நன்றாக ஓடிய வேறொரு பாதை இன்று திடீரென்று உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இங்கே ஓப்பன் ரெயில்ஸ் தரும் வசதியை நான் மிகவும் மெச்சுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளடக்கக் கோப்புறைகளைப் பதிவு செய்துகொள்ள அது அனுமதிப்பதால், ஐயத்துக்குரிய பாதையைத் தனக்கென ஒரு குளோபல் கோப்புறையுடன் தனிக்குடித்தனம் வைத்துவிடலாம். வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் போகும். மற்றப் பாதைகள் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புறையை விண்டோஸின் நிரல் கோப்புறைக்குள் (Program Files) வைக்காமல் வெளியே வைப்பது நல்லது. உள்ளே வைத்தால், நகலெடுத்த கோப்புகளை விண்டோஸ் சில வேளைகளில் வேறிடத்துக்குத் திருப்பிவிட்டுத் தேட வைக்கும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கென ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடி, 2011 ஜூன் 30 உடன் நின்றுபோன மலாயா ரயில் பாதையைக் கணினியில் மீட்டெடுக்க நம்மில் சிலர் ஆசைப்படுகிறோம். ஈசூன் நண்பரும் அப்படித்தான். அது 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதை. மேலே சொன்ன பொதுவகைத் துண்டுகளோ 1435 மில்லிமீட்டர் அகலத்துக்கானவை. ஆகவே புக்கிட் தீமா நிலையத்தில் எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல இருந்த இரட்டைப் பாதையின், தடம் பிரியும் பாயிண்ட் துண்டுகளை யாராவது மீட்டர் அகலத்தில் செய்திருந்தால், அவை எந்தப் பொதுத் தொகுப்பிலும் அகப்படுவது அரிது. இத்தகைய தனித்துண்டுகளுக்கு ஓப்பன் ரெயில்ஸ் நல்ல வழி வைத்திருக்கிறது. பாதையின் கோப்புறைக்குள் ஓப்பன்ரெயில்ஸ் என்ற பெயரில் உட்கோப்புறை அமைத்து, அதில் ஒரு சிறிய டிசெக்ஷன்.டாட் வைத்து, அதன் தொடக்கத்தில் பொதுக் கோப்பை இணைத்துக்கொண்டு, கீழே புதிய வரையறைகளை எழுதினால் போதும். பொதுக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

டவ்டெயில் நிறுவனத்தின் டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்னும் வேறொரு விளையாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே பாதையின் தண்டவாளங்கள் வேறொரு கட்டண இணைப்பைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்பதால், ஓட்டையை அடைப்பது சில வேளைகளில் பணம் கொடுத்து வாங்கும் காரியமாகிறது. கோப்புகளும் இரும வடிவில் இருப்பதால், மாற்றுக் கருவி கொண்டு எக்ஸ்எம்எல் என்னும் உரை வடிவமாக ஆக்காமல் படிக்க முடியாது. காட்சியழகில் அது முந்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

உருவங்கள் திரும்பி வந்த பின்னும் தண்டவாளம் வெளிறித் தெரிந்தால், அந்தப் பாதையின் கோப்புறையிலுள்ள டெக்ஸ்சர்ஸ் பிரிவில் ஏசிஇ வடிவப் படக் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். நண்பரின் பதிவுக் கோப்பில் இப்போது மிஞ்சியிருப்பவை மீட்டர் அகலத் துண்டுகள் சில மட்டுமே. அவற்றைச் செய்தவரிடமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.