மாருதி 800-க்கு எஞ்சின் வேலை: காயலான் கடை எஞ்சினா, சொந்த எஞ்சினா?

வண்டி நீலப் புகை கக்குகிறது, மாதாமாதம் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது, மேம்பாலம் ஏறத் திணறுகிறது. மெக்கானிக்கும் "எஞ்சின் வேலை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். போர்ட்டிகோவில் இடம் இருக்கிறது, ஸ்பானர் செட் இருக்கிறது, நாமே செய்து பார்க்கலாமே என்ற ஆசையும் இருக்கிறது. தாராளமாகச் செய்யலாம். முதல்முறை எஞ்சின் இறக்கிப் பழக நம் ஊரில் இதைவிட நல்ல வண்டி இல்லை என்பேன். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் மாடலாக இருந்தால் ஒயர்களும் கொஞ்சம்தான்.

ஆனால் எஞ்சினை இறக்குவதற்கு முன், இறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து செல்ஃப் அடியுங்கள். அளவு குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் வால்வு சீல்தான். ஹெட் வேலைக்கு எஞ்சினை இறக்கவே வேண்டாம், வண்டியில் இருக்கும்போதே ஹெட்டைக் கழற்றலாம்.

சரி, ரிங்கும் போரும்தான் போயிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனி மூன்று வழிகள். காயலான் கடையில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி மாட்டுவது. சொந்த எஞ்சினை நாமே பிரித்துச் சேர்ப்பது. இல்லையென்றால், இறக்குவதையும் ஏற்றுவதையும் வீட்டில் வைத்துக்கொண்டு, உள்வேலையை மட்டும் எஞ்சின் பட்டறைக்குக் கொடுப்பது. முதல்முறை செய்பவருக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் தீர்ப்பு. காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய எஞ்சின்

இதன் பலம் வேகம். ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றினால் முடிந்தது, லேத்துக்கு அலைய வேண்டாம். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் 800 எஞ்சின் கிடைப்பது பெரிய கஷ்டமும் இல்லை. "ஓடுற வண்டியிலேர்ந்து எடுத்தது சார்" என்பார்கள். அதை நம்பவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேம் ஷாஃப்ட்டைச் சுற்றி உலோகம் தேன் நிறத்தில் இருந்தால், ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டி. தார் மாதிரி கறுப்பாகக் கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளுத்த கசடு அப்பியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியை ஸ்பானரால் சுற்றச் சொல்லுங்கள். விரலைத் தள்ள வேண்டும். மூன்று சிலிண்டரிலும் ஒரே மாதிரித் தள்ளுகிறதா என்பது முக்கியம்.

அடுத்து, பொருத்தம். ஆம்னியிலும் இதே 796 சிசிதான், ஆனால் அதில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. 800-ல் குறுக்குவாக்கில் நின்று முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அப்படியே தூக்கி மாட்ட முடியாது. கார்புரேட்டர் எஞ்சினுக்கும், 2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும்) எஞ்சினுக்கும் இன்டேக், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று வித்தியாசங்கள் உண்டு. உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதையே தேடுங்கள்.

என்னை இந்த வழியிலிருந்து தள்ளி நிறுத்துவது கடைசி விஷயம்: எஞ்சின் நம்பர். அது ஆர்சியில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பில் தேவை. 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அதனால் இன்று ஓடும் 800-களில் மிகப் பெரும்பாலானவை 15 வருடம் தாண்டியவை, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டியவை. அங்கே நம்பர் ஒத்துப்போகவில்லையென்றால் வண்டி மாட்டிக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் இதே சிக்கல்தான். பில் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம்பர் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடம் தெரிந்தால் அந்தக் கடை வாசலில் நிற்கவே வேண்டாம்.

எல்லாமே நாமே

சொந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தால் நம்பர் மாறாது, உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்பதும் தெரியும். கற்றுக்கொள்வதற்கு இதைப் போல எதுவும் இல்லை. ஆனால் இங்கே வேலை, முடுக்குவதைவிட அளப்பதில்தான் இருக்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் இரண்டு, மூன்று பங்கு. அதை அளக்க மைக்ரோமீட்டரும், அதைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும். போர் வட்டம் மாறி முட்டை வடிவில் தேய்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. தெருவைப் பார்த்த போர்ட்டிகோவில் காற்றில் வரும் மணல் ஒரு துளி பேரிங்கில் உட்கார்ந்தாலும் போதும், செய்த வேலை பாழ். எப்படியும் ரீபோருக்கு, அதாவது தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்க, லேத்துக்குத்தான் போகப் போகிறோம். இரண்டாவது, மூன்றாவது எஞ்சினில் இதைச் செய்யுங்கள்.

பாதி வீட்டில், பாதி பட்டறையில்

எஞ்சின் வேலையில் கூலி கணிசமாகப் போவது இறக்கி ஏற்றுவதற்குத்தான். வீட்டில் பொறுமையாகச் செய்யக்கூடியதும் அதுதான். எஞ்சினை வெளியே எடுத்து, கழுவித் துடைத்து, ஆட்டோவில் ஏற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்த பிறகுதான் போர் போட வேண்டும். 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (பழைய அளவைவிடப் பெரியது), 0.50 ஓவர்சைஸ் என்று டப்பாவில் போட்டிருந்தாலும், கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போடுவதுதான் முறை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கும் அன்று கூடவே இருங்கள். மெயின் பேரிங் கேப் ஒவ்வொன்றையும் முடுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றை முடுக்கியதும் இறுகினால் அங்கேயே பிடித்துவிடலாம். நல்ல பட்டறைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே செய்வார்.

பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ கனெக்டிங் ராட் உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ மட்டும் முதல் வழிக்குப் போங்கள், பில்லோடு.

கியர்பாக்ஸோடு எடுப்பதா, தனியாகவா?

எஞ்சினை மட்டும் எடுத்தால் எடை குறைவு, டிரைவ் ஷாஃப்டைத் தொட வேண்டாம். ஆனால் திரும்ப ஏற்றும்போது, தொங்குகிற எஞ்சினைக் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் நேராக நுழைக்க வேண்டும். கிளட்ச் தட்டு ஒரு நூல் விலகியிருந்தாலும் நுழையாது. அந்த இடுக்கில் அதைச் சரிசெய்வது பழகினவர்களுக்கே வேர்க்க வைக்கும் வேலை. சேர்த்து எடுத்தால் கியர் ஆயிலை வடித்து டிரைவ் ஷாஃப்ட், கியர் லிங்க், ஸ்பீடோ கேபிள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், எடையும் கூடும். ஆனாலும் தரையில் உட்கார்ந்து கண்ணுக்கு நேரே பொருத்தலாம். நான் சேர்த்து எடுக்கும் கட்சி.

தூக்குவதற்கு எஞ்சின் கிரேன் வாடகைக்குக் கிடைத்தால் அதை எடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். செயின் பிளாக்தான் என்றால், அதை மாட்ட கனமான இரும்பு முக்காலி வேண்டும். போர்ட்டிகோ கூரையின் ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள், அது ஃபேனைத் தாங்கப் போட்டது. வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஏசி வண்டியானால் கேஸ் பைப்பைக் கழற்றாமல், கம்ப்ரஸரை மட்டும் விடுவித்து ஓரமாகக் கட்டி வைக்கலாம். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று தெரு நாய் குடித்தால் செத்துப்போகும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள்.

ஏற்றிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, இக்னிஷன் ஒயரையும் விலக்கி, ஆயில் லைட் அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஃபயரிங் ஆர்டர் 1-3-2. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு இருந்தால் புது ரிங் படிகிறது என்று அர்த்தம். விரலில் நெருடும் துகள் வந்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.