மிரளும் குதிரைக்கு ரோப் ஹால்டரும் 12 அடி கயிறும்

குதிரையைத் தரையில் நின்று பழக்க, தோல் ஹால்டரைவிட (ஹால்டர் என்பது குதிரையின் தலையில் மாட்டும் வார்) 6 மி.மீ. கயிற்றில் முடிச்சிட்ட ஹால்டர் நல்லது. மெல்லிய இழுப்பும் குதிரைக்குப் புரியும். அதனாலேயே முரட்டுக் கைக்கு இது ஆபத்து. மூக்குக் கயிறு கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். இன்னும் இறங்கினால் மென்மையான குருத்தெலும்பை அழுத்தும். ஹால்டரைக் கட்டும் முடிச்சை அதன் வளையத்துக்குக் கீழே போடுங்கள், மேலே போட்டால் இறுகி அவிழாது. மிஞ்சும் கயிற்று நுனி கண்ணுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

பிடித்து நடத்தும் 12 அடி கயிறு 14 மி.மீ. தடிமன், கையில் கனமாக நிற்கிறது. இரும்புக் கொக்கி தாடையில் தட்டினால் பயந்த குதிரை இன்னும் மிரளும். கொக்கிக்குப் பதில் கண்ணி வைத்த கயிற்றையே வாங்குங்கள்.

முதலில் தலையைத் தாழ்த்தவும் பின்கால்களை விலக்கவும் பழக்குங்கள். கால் அசைந்த கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். பலர் தாமதிப்பது இங்கேதான். குதிரையோ நின்றதற்கு இழுப்பு, நகர்ந்ததற்கும் இழுப்பு என்று குழம்புகிறது. தார்ப்பாய் போன்ற மிரட்டும் பொருள் என்றால், குதிரை பின்வாங்கும் முன் நீங்களே திருப்பிக் கூட்டிப் போங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இந்த ஹால்டர் எங்காவது சிக்கினால் அறுந்து குதிரையை விடுவிக்காது. லாயத்தில் மாட்டியபடி விடவோ, இதில் கட்டிப்போடவோ கூடாது.